வெல்டிங் செட்டை யார் இயக்கலாம், எந்த செட்டிங்கில் இயக்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்லர் பாகங்கள், பிரஷர் வெசல், பைப்பிங் வேலை எடுக்கும் பட்டறைகளை மனதில் வைத்து எழுதியது. திருச்சி பெல் ஆலையைச் சுற்றி துவாக்குடி வட்டாரத்தில் இயங்கும் ஜாப் ஒர்க் யூனிட்களில் ஆடிட் வருபவர் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செட்டின் முன் நின்று மூன்று கேள்வி கேட்பார்: வெல்டர் யார், எந்த டபிள்யூபிஎஸ், மீட்டரில் இப்போது எத்தனை ஆம்ஸ். மூன்றுக்கும் அங்கேயே, அப்போதே பதில் இருக்க வேண்டும்.

இதில் அடிக்கடி வரும் சொற்கள் மூன்று. ஒரு இணைப்பை எப்படி வெல்ட் செய்ய வேண்டும் என்று எழுதிய ஆவணம் டபிள்யூபிஎஸ். அந்த முறை சரியானது என்று சோதனைத் துண்டை உடைத்து, வளைத்து நிரூபித்த பதிவு பிக்யூஆர். வெல்டரின் கைத்திறனுக்கான தகுதிச் சான்று டபிள்யூபிக்யூ. கோடு (தொழில்நுட்ப விதித் தொகுப்பு) என்று வரும் இடங்களில் பெரும்பாலும் ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9-ஐ, அதாவது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் வெல்டிங் தகுதி விதிகளைப் பின்பற்றியிருக்கிறோம்.

செட்டுக்குச் சாவி போட்டுப் பூட்டிவிட்டால் போதாதா?

போதாது. தவறான ஆள் செட்டை ஆன் செய்வதைப் பூட்டு தடுக்கும். சரியான ஆள் தவறான ராடைப் போடுவதை அது தடுக்காது. ஆள், டபிள்யூபிஎஸ், செட்டிங், ராடு நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இந்த நான்கையும் சேர்த்துப் பிடிக்கக்கூடிய ஒரே இடம் ராடு ஸ்டோர் ஜன்னல். கார்டு ரீடர் வைத்த செட்டுக்குப் பணம் செலவழிக்கும் முன் அந்த ஜன்னலைச் சரிசெய்யுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. எப்படிச் செய்வது என்று கீழே தனியாக எழுதியிருக்கிறோம்.

ஐடிஐ வெல்டர் சான்றிதழ் இருக்கிறது. அதுவே தகுதி இல்லையா?

இல்லை. ஐடிஐ வெல்டர் டிரேடு ஓராண்டுப் பயிற்சி. அவர் தொழில் கற்றவர் என்பதற்கு அது ஆதாரம். டபிள்யூபிக்யூ என்பது இந்தப் பிராசஸில், இந்தப் பொசிஷனில், இவ்வளவு தடிமனுக்கு இவர் போட்ட துண்டு பெண்ட் டெஸ்டிலோ எக்ஸ்-ரேயிலோ தேறியது என்பதற்கான பதிவு. இரண்டும் வேறு.

முந்தைய கம்பெனியில் வாங்கிய டபிள்யூபிக்யூவும் பொதுவாக உங்களிடம் செல்லாது. வெல்டரைச் சோதிக்கும் பொறுப்பு வேலை செய்யும் நிறுவனத்துடையது என்று செக்‌ஷன் 9 சொல்கிறது. பைப்பிங் கோடுகளில் எழுத்துப்பூர்வ அனுமதியுடன் சில விலக்குகள் உண்டு. அந்த அனுமதிக் கடிதம் ஃபைலில் இல்லாவிட்டால் விலக்கும் இல்லை.

பாய்லர் வேலைக்கு இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகள் 1950-இன் (ஐபிஆர்) கீழ் வெல்டருக்குத் தனிச் சான்று வேண்டும். ஏஎஸ்எம்இ தகுதி இருக்கிறது என்று அதை விட்டுவிட முடியாது. ஐபிஆர் சான்றில் எழுதியிருக்கும் காலாவதித் தேதியை வெல்டர் பதிவேட்டில் தனிப் பத்தியாக எழுதி வையுங்கள்.

டபிள்யூபிக்யூ எத்தனை நாள் செல்லும்?

செக்‌ஷன் 9-இல் தொடர்ந்து வேலை செய்பவருக்கு முடிவு தேதி கிடையாது. ஆனால் ஒரு பிராசஸில் 6 மாதம் எந்த வெல்டிங்கும் செய்யாவிட்டால் அந்தப் பிராசஸுக்கான தகுதி போய்விடும். ஆர்கான் வெல்டிங்குக்கும் ராடு வெல்டிங்குக்கும் தகுதி பெற்ற ஒருவர் ஆறு மாதமாக ராடு மட்டுமே போட்டிருந்தால் ஆர்கான் தகுதி காலாவதி. பெரும்பாலான பட்டறைகள் சிக்குவது இங்கேதான். பதிவேட்டில் 'வேலையில் இருக்கிறார்' என்று ஒரே டிக் போடுகிறார்கள். பிராசஸ் வாரியாகக் கடைசி வெல்டிங் தேதியையும் ஜாயின்ட் எண்ணையும் எழுத வேண்டும்.

மீட்பது கடினம் அல்ல. அந்தப் பிராசஸில் ஒரு சோதனைத் துண்டு போட்டுத் தேறினால் பழைய எல்லைகள் எல்லாம் திரும்பக் கிடைக்கும்.

ஐஎஸ்ஓ 9606-1 என்ற வெல்டர் தகுதித் தரநிலையைக் கேட்கும் வாடிக்கையாளர் என்றால் 6 மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் கையெழுத்துடன் உறுதிசெய்ய வேண்டும். அதோடு, சான்றில் குறித்த முறைப்படி 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு, அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்-ரே அல்லது அல்ட்ராசோனிக் பதிவுகளைக் காட்டிப் புதுப்பித்தல்.

'6ஜி வெல்டர்' என்றால் எதையும் போடலாம்தானே?

6ஜி என்பது 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திய பைப்பில் போடும் தேர்வு. அதில் தேறியவர் எல்லாப் பொசிஷனிலும் போடலாம். எல்லாவற்றையும் போட முடியாது. ஒரு துண்டை எடுத்துப் பார்ப்போம்: 2 அங்குல ஷெட்யூல் 80 பைப், வெளிவிட்டம் 60.3 மி.மீ., தடிமன் 5.54 மி.மீ. ரூட் (அடியில் போடும் முதல் அடுக்கு) ஆர்கானில் 2.5 மி.மீ., மீதி 3 மி.மீ. இ7018 என்ற லோ ஹைட்ரஜன் ராடில். 6ஜி பொசிஷனில் தேறிவிட்டார்.

அவர் போடக்கூடிய தடிமன் பிராசஸ் வாரியாகக் கணக்கிடப்படும். 13 மி.மீ.க்குக் குறைவாகப் படிந்த உலோகம் என்றால் அதன் இரு மடங்குதான் எல்லை. ஆக ஆர்கானில் 5 மி.மீ. வரை, ராடில் 6 மி.மீ. வரை. அதே 5.54 மி.மீ. பைப்பை முழுக்க ஆர்கானில் முடிக்கச் சொன்னால் அவர் எல்லையைத் தாண்டிவிட்டார். சோதனையில் போட்ட அதே பைப்தான், ஆனாலும் தகுதி இல்லை. சூப்பர்வைசர்கள் நம்ப மறுக்கும் இடம் இது.

விட்டத்தில் 25 மி.மீ.யும் அதற்கு மேலும் போடலாம். 25 மி.மீ.க்குக் கீழான சின்ன டியூபுக்குத் தனித் தேர்வு. ராடு பாகம் ஆர்கான் ரூட்டின் மேல் போடப்பட்டதால் அது பேக்கிங் (அடியில் தாங்கும் உலோகம்) உள்ள வெல்டாகவே கணக்கு. ஆர்கான் செட் ரிப்பேர் என்று ரூட்டையே ராடில் போடச் சொன்னால் அதற்கும் அவர் தகுதி பெறவில்லை. செங்குத்து இணைப்பைக் கீழிருந்து மேலே போட்டுத் தேறியவர் மேலிருந்து கீழே இழுக்கவும் கூடாது.

இந்த எல்லைகளை ஏ4 தாளில் ஃபைலுக்குள் வைத்தால் ஷாப்பில் யாரும் பார்க்க மாட்டார்கள். வெல்டரின் அடையாள அட்டைக்குப் பின்பக்கம் அச்சிடுங்கள்: பிராசஸ், ராடு வகை, பொசிஷன், அதிகபட்ச தடிமன், குறைந்தபட்ச விட்டம், ஆறு மாதக் கெடு.

சிஓ2 வெல்டிங்கில் வோல்டேஜ் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் என்ன ஆகிவிடும்?

சிஓ2 வெல்டிங் என்பது கம்பி தானாக ஓடிவரும் மிக் பிராசஸ். அதில் உலோகம் கம்பியிலிருந்து எப்படி இறங்குகிறது என்பது ஒரு முக்கிய மாறி. 1.2 மி.மீ. கம்பியில் 17 முதல் 21 வோல்ட் சுற்றளவில் கம்பி நுனி தொட்டுத் தொட்டு விலகும். அது ஷார்ட் சர்க்யூட் முறை, காதுக்குச் சடசடவென்று கேட்கும். ஆர்கான் 80, சிஓ2 20 கலவை வாயுவில் வோல்டேஜையும் கம்பி வேகத்தையும் ஏற்றிக்கொண்டே போனால் சடசடப்பு அடங்கி ஒரே சீரான இரைச்சல் வரும். அது ஸ்பிரே முறை. சுத்தமான சிஓ2-வில் உண்மையான ஸ்பிரே வராது, பெரிய சொட்டுகளாகத்தான் விழும்.

ஸ்பிரேயில் தேறிய வெல்டர் ஷார்ட் சர்க்யூட்டில் போட செக்‌ஷன் 9-இன்படி தகுதி இல்லை. காரணம் எளிது. ஷார்ட் சர்க்யூட்டில் வெப்பம் குறைவு. மேலே மணி போல அழகாகப் படியும், அடியில் தட்டோடு ஒட்டியே இருக்காது. கண்ணால் பார்த்தால் தெரியாது, பெண்ட் டெஸ்டில் அப்படியே பிரிந்து வரும். ஆகவே மிக் செட்டில் வோல்டேஜுக்குக் கீழ் எல்லை வைத்துப் பூட்டுவது மேல் எல்லையை விட முக்கியம்.

ஆம்ஸ் எல்லையை எங்கிருந்து எடுப்பது?

டபிள்யூபிஎஸ்ஸிலிருந்து மட்டும். ராடு டப்பாவில் அச்சிட்டிருப்பது தொடக்கத்துக்கு உதவும் எண். இ7018-க்குப் பொதுவாக 2.5 மி.மீ. ராடு 70 முதல் 100, 3.15 மி.மீ. 90 முதல் 140, 4 மி.மீ. 140 முதல் 190 ஆம்ஸ் என்று இருக்கும். உங்கள் டபிள்யூபிஎஸ் 3.15-க்கு 100 முதல் 130 என்று சொன்னால் செட்டில் அந்த எல்லைதான்.

ஆம்ஸ் குறைந்தால் ராடு ஒட்டும், ஸ்லாக் மாட்டும், ஓரம் உருகாது. அதிகமானால் ராடின் கடைசிப் பாதி சிவந்து பூச்சு உதிரும், அண்டர்கட்டும் (ஓரப் பள்ளம்) போரோசிட்டியும் (வாயுத் துளைகள்) வரும்.

இம்பாக்ட் டெஸ்ட் (அடித்து உடைத்துப் பார்க்கும் சோதனை) கேட்கும் வேலையில் ஆம்ஸ் மட்டும் பார்த்தால் போதாது. வெப்ப உள்ளீடு என்பது வோல்ட் பெருக்கல் ஆம்ஸ் பெருக்கல் 60, வகுத்தல் நிமிடத்துக்கு நகரும் மி.மீ., வகுத்தல் 1000. 24 வோல்ட், 120 ஆம்ஸ், நிமிடத்துக்கு 100 மி.மீ. என்றால் மி.மீ.க்கு 1.73 கிலோ ஜூல். அதே ஆம்ஸில் வெல்டர் ராடை அகல ஆட்டி நிமிடத்துக்கு 70 மி.மீ. போனால் 2.47. எந்தச் செட்டும் இதைத் தடுக்காது. ஒரு ராடு எத்தனை மி.மீ. நீளம் ஓடியது என்று அளப்பதுதான் வழி. டபிள்யூபிஎஸ்ஸில் குறைந்தபட்ச ஓட்ட நீளத்தை எழுதிவிட்டால் வெல்டரே ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்வார்.

பழைய ரெக்டிஃபையர். கார்டும் இல்லை, பின் எண்ணும் இல்லை. எப்படிப் பூட்டுவது?

சுவரில் இருக்கும் ஐசொலேட்டரைப் பூட்டுத் துளை உள்ளதாக மாற்றுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி. சாவி ஷிப்ட் சூப்பர்வைசரின் பலகையில் தொங்கும். வெல்டர் தன் அடையாள அட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சாவியை எடுப்பார். பலகையைப் பார்த்தாலே எந்தச் செட்டில் யார் என்று தெரிந்துவிடும்.

ஆம்ஸ் எல்லைக்கு, குமிழைச் சுற்றிய தகட்டில் பெயிண்டால் பச்சைப் பட்டை அடிக்கலாம். அதற்கு முன் கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்து அடிக்க வேண்டும். தகட்டில் அச்சிட்ட எண்ணை நம்பிப் பட்டை அடித்தால் பிழையையும் சேர்த்து நிரந்தரமாக்கிவிடுவீர்கள்.

புதிய செட்டில் பின் எண், கார்டு, பார்கோடு எல்லாம் வருகிறது. எது வேலைக்கு ஆகும்?

பின் எண் ஒரு வாரத்தில் ஷாப் முழுக்கத் தெரிந்துவிடும். செட்டிங் மெனுவைப் பூட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆளை அடையாளம் காணக் கார்டு நல்லது. பார்கோடு முறையில் வெல்டர் தன் கார்டையும் டபிள்யூபிஎஸ் தாளையும் ஸ்கேன் செய்தால், தகுதி காலாவதி ஆகியிருந்தால் மென்பொருள் எச்சரிக்கும். ஆறு மாதக் கெடுவைத் தானே கணக்கு வைப்பதுதான் இதன் பெரிய நன்மை.

வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். கார்டை எடுத்தபின் எத்தனை நிமிடத்தில் செட் பூட்டிக்கொள்ளும்? எல்லையைத் தாண்டினால் நிற்குமா, பதிவு மட்டும் செய்யுமா? ரிமோட் மாட்டினால் பேனல் பூட்டு செல்லுமா? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. பல செட்களில் பேனல் பூட்டியிருந்தாலும் கை ரிமோட்டிலோ ஆர்கான் கால் பெடலிலோ ஆம்ஸை முழு வீச்சுக்கு ஏற்றலாம். ரிமோட்டின் மேல், கீழ் எல்லையைத் தனியாக செட் செய்ய வேண்டும்.

பேனல் மீட்டர் 120 காட்டுகிறது. உண்மையில் 120-தானா?

அளந்தால்தான் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறையும், ரிப்பேருக்குப் பின் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். ஐஇசி 60974-14 என்ற தரநிலை இதற்கானது. சாதாரணத் தரச் செட்டுக்கு 10 சதவீத விலகல் ஏற்கப்படும். 120 காட்டினால் உண்மை 108-க்கும் 132-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

வெறும் ஆர்க் அடித்து அளந்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். ரெசிஸ்டன்ஸ் லோடு பேங்க் வையுங்கள். லோடு வோல்டேஜ் ராடு வெல்டிங்குக்கு 20 கூட்டல் ஆம்ஸில் 0.04 பங்கு, ஆர்கானுக்கு 10 கூட்டல் அதே பங்கு, மிக்குக்கு 14 கூட்டல் 0.05 பங்கு. 150 ஆம்ஸ் ராடு வெல்டிங் என்றால் 26 வோல்ட். அடி, நடு, உச்சி என்று குறைந்தது மூன்று புள்ளிகளில் அளந்து குறிக்கவும்.

எலெக்ட்ரீஷியன் பையில் இருக்கும் சாதாரண டாங் டெஸ்டர் ஏசி கரண்டை மட்டும் அளக்கும். டிசி வெல்டிங் கேபிளில் அது காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. டிசி அளக்கும் ஹால் சென்சார் வகை கிளாம்ப் மீட்டர் வேண்டும், அதற்கும் கேலிபரேஷன் சான்று வேண்டும்.

கம்பி வேகத்துக்கு இயந்திரமே வேண்டாம். டிரிகரை 6 விநாடி அழுத்தி, வெளியே வந்த கம்பியை அளந்து பத்தால் பெருக்குங்கள். 80 செ.மீ. வந்தால் நிமிடத்துக்கு 8 மீட்டர்.

கேபிள் நீளம் செட்டிங்கை மாற்றுமா?

மிக்கில் நிச்சயமாக. 50 சதுர மி.மீ. காப்பர் கேபிள் போக 50 மீட்டர், திரும்ப 50 மீட்டர் என்றால் 150 ஆம்ஸில் சுமார் 5 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். செட் 22 காட்டும், ஆர்க்கில் 17 இருக்கும். மேலே சொன்ன ஷார்ட் சர்க்யூட் சிக்கல் அப்படியும் வரும். சாதாரண ராடு செட் ஆம்ஸைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ளும், ஆனால் வெப்ப உள்ளீட்டுக்கு வோல்டேஜை ஹோல்டர் அருகில்தான் அளக்க வேண்டும்.

ராடு ஸ்டோர் ஜன்னலை எப்படி நடத்துவது?

ஸ்லிப் இல்லாமல் ராடு இல்லை. ஸ்லிப்பில் வெல்டர் எண், ஜாயின்ட் எண், டபிள்யூபிஎஸ் எண், ராடு வகை, அளவு, எண்ணிக்கை, கொடுத்த நேரம். சூப்பர்வைசர் கையெழுத்திட வேண்டும். ஸ்டோர்காரர் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெல்டர் பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்து, அந்த ராடுக்கு இன்று தகுதி இருந்தால்தான் கொடுக்க வேண்டும். பட்டியல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாக அச்சிடப்பட்டு தரப் பிரிவு கையெழுத்துடன் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் நேரில் வந்து கேட்டாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மறுக்கும் அதிகாரம் ஸ்டோர்காரருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு வரி இல்லாத இடத்தில் ஜன்னல் வெறும் கவுன்டர்தான்.

2.5 மி.மீ. ராடு மட்டும் கொடுத்தால் 160 ஆம்ஸ் வைக்க யாராலும் முடியாது, ராடே எரிந்துவிடும். அளவைக் கட்டுப்படுத்தினால் செட்டிங்கும் பாதி கட்டுப்பட்டுவிடும்.

இ7018-க்கு நேரமும் உண்டு. ஸ்டோர் ஓவனில் குறைந்தது 120 டிகிரியில் இருக்க வேண்டும். ஏடபிள்யூஎஸ் (அமெரிக்க வெல்டிங் சங்கம்) டி1.1 கோடின்படி வெளியே எடுத்தபின் 4 மணி நேரத்துக்கு மேல் திறந்த காற்றில் இருந்தால் பயன்படுத்தக் கூடாது. 260 முதல் 430 டிகிரியில் குறைந்தது 2 மணி நேரம் திரும்பச் சுட வேண்டும், அதுவும் ஒரே ஒருமுறை. நனைந்த ராடு நேராகக் குப்பைக்கு. ஆகவே ஒரு தடவைக்கு 2 கிலோவுக்கு மேல் கொடுக்காதீர்கள். 3.15 மி.மீ.யில் அது ஏறக்குறைய 50 ராடு. போர்ட்டபிள் ஓவனோடு கொடுங்கள், ஓவன் பிளக்கில் செருகியிருக்கிறதா என்று ஷாப்பில் சுற்றும்போது தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பிளக் பாயின்ட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

மீதி ராடும் எரிந்த அடித்துண்டும் திரும்ப வர வேண்டும். 50 கொடுத்து 12 முழு ராடும் 30 துண்டும் வந்தால், 8 ராடு வேறு யாரோ கையில் இருக்கிறது. அதைத் தேடிப் போனால் அடுத்த கேள்விக்கான பதில் கிடைக்கும்.

டாக் வெல்ட் ஃபிட்டர் போடலாமா?

டாக் என்பது பாகங்களைப் பொருத்திப் பிடிக்கப் போடும் சின்ன வெல்ட். ஜாயின்ட்டுக்குள் நிற்கப்போகும் டாக் என்றால் தகுதி பெற்றவர்தான் போட வேண்டும், தகுதி பெற்ற முறையில். பிரஷர் வெசலுக்கான ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 8-இன்படி உருவாகும் வெசலில் இது தெளிவான விதி. தடித்த தட்டில் ப்ரீஹீட் இல்லாமல் அடித்த சின்ன டாக் உடனே குளிர்ந்து, கடினமாகி விரிசல் விடும். அதன் மேல் ரூட் ஓடினால் விரிசல் உள்ளே புதைந்துவிடும். ஃபிட்டர்களில் இரண்டு பேரைத் தேர்வு எழுத வைத்துத் தகுதி வாங்கிக் கொடுப்பது நடைமுறைக்கு உகந்தது. 'போடாதே' என்று சொல்வதால் மட்டும் இது நிற்காது.

பயிற்சியில் இருப்பவர் எதில் கற்பது?

தனிச் செட், தனி இடம், கழிவுத் தட்டு. அவருக்கான ராடு வேறு டப்பாவில், பெயிண்ட் அடையாளத்துடன். உற்பத்தி ஷாப்பின் சாவிப் பலகையில் அவர் அட்டைக்குக் கொக்கி இருக்கக் கூடாது.

ஷிப்ட் தொடக்கத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பத்து நிமிட வேலை. பொலாரிட்டி: இ7018-க்கு ஹோல்டர் பாசிட்டிவ், ஸ்டீல் ஆர்கான் வேலைக்கு டார்ச் நெகட்டிவ். மாற்றி மாட்டினால் டங்ஸ்டன் நுனி உருண்டு உருகும். எர்த் கிளாம்ப் ஜாப்பிலேயே, ஜாயின்ட்டுக்கு அருகில், கிரைண்ட் செய்த இடத்தில். ஷெட் தூணிலோ கிரேன் ரெயிலிலோ மாட்டினால் கரண்ட் பேரிங், ஸ்லிங் வழியாகச் சுற்றி வரும். ஆர்கான் ஃப்ளோவை நாசிலில் வைத்து அளங்கள், நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். ரெகுலேட்டரில் சரியாக இருந்து ஹோஸில் கசியலாம். கதவைத் திறந்து வைத்து மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் காற்று வீசினால் வாயுக் கவசம் கலைந்துவிடும்.

டியூட்டி சைக்கிளையும் பாருங்கள். 400 ஆம்ஸ் 60 சதவீதம் என்று தகட்டில் இருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் 400-இல் ஓடலாம். இடைவிடாமல் ஓட்ட 310 ஆம்ஸ் வரைதான். அந்தக் கணக்கு 40 டிகிரி காற்றுக்கு. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கடியில் அதையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தகுதி இல்லாதவர் போட்டது பிறகுதான் தெரிந்தது. எக்ஸ்-ரே கிளியர். விட்டுவிடலாமா?

விட முடியாது. எக்ஸ்-ரே குறையை மட்டும் காட்டும், வெல்டர் தகுதியைக் காட்டாது. அவருக்கு நாளை தேர்வு வைத்துத் தேறினாலும் நேற்றைய ஜாயின்ட்டுக்கு அது பொருந்தாது. ஜாயின்ட்டைச் சிவப்பு டேக் போட்டு நிறுத்துங்கள், முரண்பாட்டு அறிக்கை எழுதுங்கள், அதே நபர் வேறு எங்கே போட்டார் என்று ஜாயின்ட் அருகில் அடித்திருக்கும் வெல்டர் எண் முத்திரையை வைத்துத் தேடுங்கள். நீளமான சீமில் இந்த முத்திரை 1 மீட்டருக்குள் ஒருமுறை வர வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். அறுத்து மறுபடி போடுவதா, வேறு வழியா என்பதை வாடிக்கையாளரும் இன்ஸ்பெக்டரும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இரவு ஷிப்டில் சூப்பர்வைசர் இல்லை, செட் பூட்டிக்கொண்டது. மாஸ்டர் கார்டு யாரிடம் இருக்க வேண்டும்?

ஷிப்டுக்கு ஒருவரிடம், சீல் வைத்த உறையில், சீல் எண் பதிவேட்டில். உறையைப் பிரித்தால் நேரம், செட் எண், காரணம், மாற்றிய எண் நான்கையும் எழுதி, மறுநாள் காலை தரப் பிரிவு அந்த ஜாயின்ட்டைப் பார்த்த பிறகே அடுத்த பாஸ் போடலாம். மாதத்தில் உறை அடிக்கடி பிரிந்தால் செட்டின் எல்லை டபிள்யூபிஎஸ்ஸோடு பொருந்தவில்லை என்று பொருள். எல்லையைத் திருத்துங்கள், உறையை இன்னொருவரிடம் கொடுக்காதீர்கள்.